ஒற்றை டம்ப் கோப்பைப் பிரித்து வையுங்கள்: சேலத்து மென்பொருள் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

கொலுசுப் பட்டறைகளுக்கும் ஜவ்வரிசி ஆலைகளுக்கும் தறிக்கூடங்களுக்கும் கணக்கு மென்பொருள் எழுதித் தரும் சேலத்து நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கு, வணக்கம்.

தரவுத்தளத்தின் ஸ்கீமா (அட்டவணைகள் முதலியவற்றின் வரையறைகள்) முழுவதையும் ஒரே டம்ப் கோப்பாக, அதாவது எழுத்து வடிவ நகலாக, எடுத்து, கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் என்ற கருவியில் சேர்த்துவிட்டால் போதும் என்றே நானும் பல ஆண்டுகள் நம்பியிருந்தேன். செவ்வாய்ப்பேட்டைப் பட்டறை ஒன்றுக்கு நாங்கள் எழுதிய மென்பொருளில், வெள்ளியின் எடையை மூன்று தசம இடங்களோடு வைத்திருந்த புலத்தை எங்களில் ஒருவர் இரண்டு இடங்களாகச் சுருக்கிவிட்டார். சேதாரக் கணக்கு நோட்டோடு ஒத்துப்போகாமல், கூலிக்கு வேலை செய்தவர்மீது சந்தேகம் விழுந்தது. தவறு எங்களுடையது என்று கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு நாளும் அவர் பட்ட அவமானத்தை நான் மறக்கவில்லை.

தாமதத்துக்குக் காரணம் கோப்பின் அமைப்புதான். மைஸ்க்யூஎல் தரவுத்தளத்தை டம்ப் எடுக்கும் மைஸ்க்யூஎல்டம்ப் கருவி, வரிசை எண் தானாக ஏறும் ஒவ்வொரு அட்டவணையின் வரையறை முடிவிலும் அன்றைய ஆட்டோ இன்கிரிமென்ட் எண்ணையும் (அடுத்த பதிவுக்குத் தர வேண்டிய எண்), கோப்பின் கடைசியில் டம்ப் எடுத்த தேதியையும் எழுதுவதால், ஸ்கீமாவில் எதுவுமே மாறாத நாளிலும் டிஃப்பில் (பழைய கோப்புக்கும் புதியதற்கும் உள்ள வேறுபாட்டுப் பட்டியலில்) ஏராளமான வரிகள் மாறியதாகத் தெரிகின்றன; அவற்றுக்கு நடுவே உண்மையான ஒரு வரி கண்ணில் படுவதில்லை.

ஆகவே அட்டவணை, வியூ (சேமித்துவைத்த வினவல்), புரொசீஜர் (தரவுத்தளத்துக்குள் சேமித்துவைத்த செயல்நிரல்) ஒவ்வொன்றுக்கும் தனிக் கோப்பு வைத்து, அதன் பெயரையே கோப்புக்கும் இடுங்கள். தேதி வரியை டம்ப் கட்டளையிலேயே நிறுத்திவிடலாம். ஆட்டோ இன்கிரிமென்ட் எண்ணை ஒரு சிறு ஸ்கிரிப்ட்டால் நீக்க வேண்டும். டம்ப் கட்டளையில் ரொட்டீன்ஸ் என்ற விருப்பத்தைக் கொடுக்காவிட்டால் புரொசீஜர்கள் டம்ப்பில் வரவே வரா என்பதையும் கவனியுங்கள். ஃபாரின் கீ (வேறோர் அட்டவணையின் பதிவைச் சுட்டும் இணைப்பு) உள்ள அட்டவணைகளை ஏற்றும் வரிசை முக்கியம் என்பதால், அந்த வரிசையைத் தனியாக ஒரு கோப்பில் எழுதிவையுங்கள். கோப்புப் பெயர்களின் முன் எண் போடுவது எனக்கு உடன்பாடில்லை, ஏனெனில் இடையில் ஒன்று சேர்ந்தால் பின்னுள்ள பெயர்களையெல்லாம் மாற்ற நேரும்.

போஸ்ட்கிரஸ் என்ற வேறு தரவுத்தளத்தைப் பயன்படுத்துவோர், அதன் டம்ப் கருவியான பிஜி டம்ப்பின் டைரக்டரி வடிவமே (ஒரே கோப்பாக இல்லாமல் ஒரு கோப்புறையாக எடுக்கும் முறை) இதைச் செய்துவிடும் என்று எண்ண வேண்டாம். அது தரவை மட்டுமே அட்டவணைவாரியாகப் பிரிக்கிறது, வரையறைகள் அனைத்தும் மனிதர் படிக்க முடியாத ஒரே பைனரி கோப்புக்குள் தங்கிவிடுகின்றன.

பிரித்த கோப்புகளை ஒரு வெற்றுத் தரவுத்தளத்தில் ஏற்றி, மறுபடி டம்ப் எடுத்து, முன்னதோடு ஒப்பிட்டு வேறுபாடில்லை என்று உறுதிசெய்த பிறகே பழைய ஒற்றைக் கோப்பை நீக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சேலத்துத் தரவுத்தளப் பணியாளர் ஒருவர்