நான்கில் எது?

அன்புள்ள நண்பா,

எட்டு மாதமாக உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. நீ அனுப்பிய உன் வண்டியின் படங்கள் வந்தன. புது வண்ணம் நன்றாகவே இருக்கிறது. பின்பக்கச் சிறகு மட்டும் துணி காயப்போடத்தான் உதவும். பதில் போடாததற்குச் சோம்பல்தான் காரணம் என்று நேற்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். காரணம் அது இல்லை. கீழே சொல்கிறேன்.

வீட்டில் எல்லோரும் நலம். என் முதுகுவலியும் நலமாக இருக்கிறது. நம் கூட்டத்து ஒட்டகம் கடைசியில் கல்யாணம் செய்துகொண்டான். அந்தப் பெண்ணிடம் அவனுடைய வண்டியைப் பற்றி யாரும் சொல்லவில்லையாம்.

சனிக்கிழமை தொலைபேசியில் "வண்டியை எடுக்காதே" என்றேன். உனக்கு வயதாகிவிட்டது என்று சிரித்தாய். சிரித்துக்கொள். ஆனால் இந்தக் கடிதத்தைக் கடைசிவரை படித்துவிட்டுச் சிரி.

போன வாரம், வண்டியை வேண்டுமென்றே சறுக்கவிட்டு ஓட்டும் நம் டிரிஃப்டிங் பயிற்சி மைதானத்தில், என் வண்டியின் இடது பக்க நக்கிள், முன்சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் அந்த இரும்புத் துண்டு, உடைந்தது. ஸ்டீயரிங்கின் இழுப்பைச் சக்கரத்துக்குக் கொண்டுவரும் கம்பியான டை ராட் மாட்டும் அந்தக் கை, நாம் வெட்டிக் குட்டையாக்கி வெல்டிங் வைத்தோமே, அதே கை. பெரிய வேகமெல்லாம் இல்லை. இரண்டாவது கியர், வழக்கமான வளைவு, வழக்கமான சறுக்கல். வண்டி குறுக்கே திரும்பி அழகாகப் போய்க்கொண்டிருக்கும்போதே ஸ்டீயரிங் காலிப் பாத்திரம் மாதிரி லேசாகிவிட்டது. வலது சக்கரம் நான் சொன்னதைக் கேட்டது; இடது சக்கரம் தன் இஷ்டத்துக்குத் திரும்பிக் குறுக்கே நின்றது. பிரேக்கை மிதித்தால் இன்னும் மோசம். பழைய டயர்களை அடுக்கி வைத்திருக்கும் சுவரில் போய் முட்டித்தான் நின்றேன். கட்டைவிரல் சுளுக்கு, முன்பக்கம் நொறுங்கியது, அவ்வளவுதான்.

அந்த டயர்ச் சுவருக்கு முன்னால்தான் சோடாபுட்டி வழக்கமாகக் கேமராவோடு சம்மணம் போட்டு உட்காருவான். அன்று தண்ணீர் குடிக்கப் போயிருந்தான். திரும்பி வந்தவன், "நல்ல படம் போய்விட்டதே" என்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை. அன்று இரவு முழுக்கத் தூங்கவும் இல்லை.

மறுநாள் உடைந்த துண்டைக் கழற்றி வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். உடைந்த முகத்தில் இரண்டு நிறம். பெரும்பகுதி புதிதாக உடைந்த பளபளப்பு, சர்க்கரையை உடைத்தாற்போல் மணிமணியாக. ஆனால் வெல்டிங் முடிகிற விளிம்பை ஒட்டி, நகக்கண் அளவில் பிறை வடிவத்தில் ஒரு பழுப்பு. துரு! அன்றைக்கு உடைந்த இடத்தில் ஒரே இரவில் இப்படித் துருவேறாது. அந்த இடம் பல மாதங்களுக்கு முன்பே விரிந்து, ஈரத்தைக் குடித்துக்கொண்டு, ஒவ்வொரு சறுக்கலுக்கும் ஒரு நூல் முன்னேறியிருக்கிறது. நான் அதன்மேல் கறுப்புப் பெயின்ட் அடித்து, பார்ப்பவர்களிடம் பெருமை பேசிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

இனி, எட்டு மாத மௌனத்தின் காரணம். அன்று மாலை நினைவிருக்கிறதா? உனக்கு இரண்டு, எனக்கு இரண்டு, நான்கு நக்கிள்களையும் ஒரே மூச்சில் முடித்தோம். இருட்டிக்கொண்டு வந்தது. நீ ஜாக்கை எடுத்துவரப் போனாய். சூடு ஆறும்வரை காத்திருக்கப் பொறுமை இல்லாமல், நான் நான்கையும் ஒவ்வொன்றாகத் தண்ணீர் வாளியில் முக்கினேன். மூன்று துண்டுகள் 'சுர்ர்' என்றன. ஒன்று 'சுர்ர்' என்றதோடு, 'டிக்' என்று ஒரு சத்தமும் போட்டது. கசடு தெறித்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீ திரும்பி வந்தபோது நான்கையும் துணியில் துடைத்து வரிசையாக அடுக்கியிருந்தேன். உனக்குச் சொல்லவில்லை. பிறகு நீ படம் அனுப்பும்போதெல்லாம் அந்த 'டிக்' காதில் கேட்கும். எழுத உட்கார்ந்தால் அதைச் சொல்ல வேண்டியிருக்கும். அதனால்தான் எழுதவே உட்காரவில்லை.

அந்தச் சத்தம் போட்டது நான்கில் எது என்று எனக்குத் தெரியாது. உடைந்தது அதுவாகவே இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். இதற்குமேல் இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. கிரைண்டரில் வெட்டும்போது பொறி பறந்த விதம். எஃகு என்றால் பொறி நீளமாக, வெளுத்து மஞ்சளாகப் பாயும். அன்று வந்தவை குட்டையாக, சிவந்து, பாதி தூரத்திலேயே அணைந்தன. வார்ப்பிரும்பு என்று அந்தப் பொறியே சொன்னது. நாம்தான் காதில் வாங்கவில்லை. கார்பன் அதிகமுள்ள இரும்பு அது. முதலில் நன்றாகச் சூடேற்றி, அதற்கேற்ற நிக்கல் வெல்டிங் ராடால் பற்றவைத்து, சாம்பலிலோ மணலிலோ புதைத்து மணிக்கணக்கில் ஆறவிட வேண்டும். அப்படிச் செய்தாலும் ஸ்டீயரிங் மாதிரி உயிர் தொங்கும் இடத்தில் அதை நம்பலாமா என்பது வேறு கேள்வி. நாமோ வாசல் இரும்பு கேட்டுக்குப் போடுகிற ராடால் ஒட்டி, தண்ணீரில் முக்கினோம். வெல்டிங்கை ஒட்டிய பகுதி கண்ணாடி மாதிரி இறுகிப்போயிருக்கும். கண்ணாடியிடம் போய் வளைந்து கொடு என்றால் கொடுக்குமா?

இதில் நாம் ஏற்றிய சுமையையும் சேர்த்துக்கொள். கையின் நீளம் 105 மில்லிமீட்டர் இருந்தது, 80 ஆக்கினோம். கை குட்டையானால், ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது பக்கவாட்டில் நகரும் பல்சட்டமான ரேக் கொஞ்சம் நகர்ந்தாலே சக்கரம் நிறையத் திரும்பும், அதற்காகத்தானே வெட்டினோம். ஆனால் அதே சக்கரத்தைத் திருப்ப டை ராட் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடுதல் விசையோடு இழுக்க வேண்டும். மெலிந்த இடத்தில்தான் கூடுதல் பாரம். சாதாரண வண்டி நாளெல்லாம் செய்யாத திருப்பத்தை நாம் ஒரு சுற்றில் செய்கிறோம், அதுவும் சக்கரம் வளைவின் ஓரக்கல்லில் ஏறி இறங்கும்போது விழும் அடியோடு.

கையை வெட்ட அளவாக வைத்த அந்த அட்டை மாதிரியை நம் கூட்டத்தில் எல்லோரும் இன்னமும் உன் பெயரைச் சொல்லித்தான் அழைக்கிறார்கள், தெரியுமா? ஸ்டீயரிங் வடிவக்கணக்குக்கு அக்கர்மன் பெயர் வந்த கதைதான். குதிரை வண்டிக்காக அதைக் கண்டுபிடித்தவர் மூனிக்கில் இருந்த லாங்கென்ஸ்பெர்கர். 1818இல் லண்டனில் அவருக்காகக் காப்புரிமை வாங்கிக் கொடுத்தவர் அக்கர்மன். பெயர் வாங்கிக் கொடுத்தவருக்கே போய்விட்டது. வரைந்தது நான், பெயர் உனக்கு. அப்போது எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட. இப்போது, வரைந்தது நான்தான் என்று ஒவ்வொருவரிடமும் போய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்த அட்டையை வைத்து இன்னும் மூன்று பேர் வெட்டியிருக்கிறார்கள். இரண்டு பேர் கழற்றிவிட்டார்கள். மூன்றாமவன் ஒட்டகம். புது மனைவியிடம் சொல்லிவிடுவேன் என்று மிரட்டியிருக்கிறேன்.

உன் வண்டியில் எனக்கு வேறு கவலையும் உண்டு. ரேக்குக்கும் உள் டை ராடுக்கும் நடுவே வாஷர் வைத்தாயே, அது ஒன்றா, இரண்டா? ஒவ்வொரு வாஷருக்கும் அதன் தடிமன் அளவுக்கு மரை உள்ளே போகாமல் வெளியே நிற்கிறது. மரையின் விட்டம் எவ்வளவோ, குறைந்தது அவ்வளவு ஆழமாவது உள்ளே பிடித்திருக்க வேண்டும். கழற்றி அளந்து பார். உன்னை மரை கழன்றவன் என்று இருபது வருடமாகக் கிண்டல் செய்கிறோம். அது நிஜமாகவே கழன்றால் யாரும் சிரிக்க மாட்டோம்.

பிறகு, வண்டியை ஜாக்கில் தூக்கி ஸ்டீயரிங்கைக் கடைசிவரை திருப்பிவிட்டு, டயரைக் கையால் நேராகும் பக்கம் தள்ளு. தடையில்லாமல் திரும்பி வர வேண்டும். டை ராடும் அந்தக் கையும் ஒரே கோட்டில் வந்து, அதையும் தாண்டிவிட்டால் சக்கரம் அங்கேயே மாட்டிக்கொள்ளும். நீ ஸ்டீயரிங்கைத் திருகத் திருக இன்னும் இறுகும். எனக்கு ஒருமுறை அப்படி ஆகி, நீங்கள் நான்கு பேர் வண்டியைத் தூக்கிவைத்தீர்களே, அந்த நாளை எத்தனை வருடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள்! ரேக்குக்கு ஒரு தடுப்பு வைத்தால் தீர்ந்தது. திருப்பியபடியே பிரேக் குழாயையும் பார்; விறைப்பாக இழுபட்டாலோ டயரில் உரசினாலோ அது இன்னொரு எமன்.

நம் பெரியவரைப் போய்ப் பார்த்தேன். அவரும் வீட்டிலேயே செய்தவர்தான், ஆனால் பழைய நக்கிளை வெட்டி ஒட்டவில்லை. எஃகுத் தகட்டில் புதிதாகவே செய்திருக்கிறார். டை ராட் போல்ட்டை ஒரு பக்கம் மட்டும் தாங்கித் தொங்கவிடாமல், இரண்டு பக்கமும் தகடு வைத்துப் பிடித்திருக்கிறார். எஸ்டோனியாவின் வைஸ்ஃபேப் போன்ற தயாரிப்பாளர்களும் நக்கிளைப் புதிதாகத்தான் செய்து கொடுக்கிறார்கள். பெரியவர் ஒவ்வொரு பருவம் முடிந்ததும் பெயின்ட்டைச் சுரண்டி, சிவப்புச் சாயம் தெளித்து, துடைத்து, வெள்ளைப் பொடி அடித்து விரிசல் பார்க்கிறார். மேற்பரப்பு வரை வந்த விரிசல் இருந்தால் சிவப்புக் கோடாக ஊறி வரும். தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். அந்த நோட்டை நாம் எத்தனை முறை கேலி செய்திருப்போம்! அவர் பழசை எதையும் கிளறவில்லை. துண்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதன் ஜோடி எங்கே?" என்று மட்டும் கேட்டார்.

அன்று கூடவே செய்த இன்னொரு ஜோடி உன் வண்டியில் இருக்கிறது. அந்த வண்டியில்தான் நீ மகளைப் பள்ளிக்கு அழைத்துப் போகிறாய். நீ படம் அனுப்பினாயே, முன் இருக்கையில் தலைக்கவசம் போட்டுக்கொண்டு சிரிக்கிறாளே.

நீ நம்ப மாட்டாய் என்று தெரியும். சிவப்புச் சாயம் அடித்துப் பார்த்தேன், கோடு வரவில்லை, நன்றாகத்தான் இருக்கிறது என்றும் சொல்வாய். நாம் வெல்டிங்கைப் பளபளவென்று தேய்த்து மழித்த லட்சணத்துக்கு, உள்ளே இருப்பது வெளியே வராது. சாயமே வேண்டாம், கழற்றிப் போட்டுவிடு. என்னிடம் பழைய வண்டியிலிருந்து எடுத்த கைபடாத ஜோடி ஒன்று இருக்கிறது. அதை மாட்டினால் திருப்பம் குறையும், சறுக்கல் பாதியிலேயே சுருண்டுகொள்ளும், நீ என்னைத் திட்டுவாய். திட்டு. வரும் ஞாயிற்றுக்கிழமை நானே எடுத்துக்கொண்டு வருகிறேன். அதுவரை சாவியை உன் மனைவியிடம் கொடுத்து வை; அவளிடம் நேற்றே பேசிவிட்டேன்.

இதோடு ஒரு சின்னப் பெட்டி வரும். உடைந்த துண்டு உள்ளே இருக்கிறது. பிரித்ததும் வழக்கம்போல எண்ணெய்த் துணியை எடுத்துத் தேய்க்க ஆரம்பிக்காதே. அந்தப் பழுப்புப் பிறை போய்விடும்.

உன்,
பழைய கூட்டாளி