கப்பல் பெட்டிகளைத் தந்தவர்களுக்கு நன்றி

தமிழ்நாட்டிலிருந்து சிங்கப்பூருக்கு ரஜூலா கப்பலில் வந்தவர்களின் நினைவுப் பொருட்களைத் திரட்டி எங்கள் வட்டாரத்தில் நடத்திய சிறு கண்காட்சி நிறைவடைந்துவிட்டது. கைகொடுத்த எல்லாருக்கும் ஏற்பாட்டாளர்கள் சார்பில் வணக்கம்.

முதல் நன்றி பெட்டி தந்த குடும்பங்களுக்கு. 1926இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று பல பத்தாண்டுகள் ஓடியது. 1974இல் அதை உடைத்துவிட்டார்கள். அதில் வந்திறங்கிய தகரப் பெட்டிகளோ பிடோக்கிலும் யீஷூனிலும் கட்டிலுக்கு அடியில் பத்திரமாக இருந்திருக்கின்றன! மூடியில் வெள்ளைச் சாயத்தால் எழுதிய பெயர், தகப்பனார் பெயர், ஊர். பார்க்க வந்த பெரியவர்கள் பலர் அந்த ஊர்ப் பெயர்களைத்தான் முதலில் தேடினார்கள். துருவைச் சுரண்டாதீர்கள், புதுச்சாயம் பூசாதீர்கள், மென்மையான தூரிகையால் தூசியை மட்டும் தட்டுங்கள் என்று சொல்லிக்கொடுத்த அரும்பொருள் பாதுகாப்பாளர் அம்மையாருக்கு மிகவும் கடமைப்பட்டிருக்கிறோம். அந்த எழுத்துகள் பிழைத்தது அவரால்தான்.

மேல்தளப் பயணத்தைப் பற்றிப் பேசிய பாட்டிமார்களே, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது? பாய் விரிக்க இடம் பிடித்தது, மழைக்குத் தார்ப்பாய்க்குள் ஒடுங்கியது, கைக்குழந்தையோடு வாந்தியும் மயக்கமுமாகக் கிடந்தது என எதையும் மறைக்காமல் சொன்னீர்கள். கப்பல் வரலாறு என்றாலே கம்பெனியும் கேப்டனும் என்று எழுதிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கரை தெரிந்த பிறகும் செயிண்ட் ஜான்ஸ் தீவின் நோய்த்தடுப்பு முகாமில் காத்துக்கிடந்தவர்களின் கதைதான் எங்கள் துறைமுகத்தின் கதை. அதைப் பொறுமையாகப் பதிவுசெய்த மாணவத் தம்பி தங்கைகளுக்கும் நன்றி.

தெலுக் ஆயர் சாலைக்கு எங்களை அழைத்துச்சென்ற ஓய்வுபெற்ற ஆசிரியர் ஐயாவை மறக்க முடியாது. கடலைத் தூர்ப்பதற்கு முன் அந்தச் சாலைதான் கடற்கரை. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள் 1828 முதல் 1830 வரை கட்டிய நாகூர் தர்காவும், கடல் தெய்வமான மாசுவுக்குச் சீனர்கள் எழுப்பிய தியன் ஹொக் கெங் கோயிலும் அங்கே ஒரே வரிசையில் நிற்கின்றன. பத்திரமாகக் கரைசேர்ந்தவர்கள் வந்து நன்றி செலுத்திய இடங்கள் அவை என்று அவர் சொன்னபோது, உடன்வந்த பிள்ளைகள் கடல் எங்கே என்று தேடினார்கள்.

சாப்பாடு சமைத்தவர்களுக்கும் நாற்காலி அடுக்கியவர்களுக்கும் அன்பு.

கடைசியாக, பெட்டிகளை வீடு வீடாகச் சென்று ஏற்றிவந்து, திருப்பியும் சேர்த்த லாரிக்கார அண்ணனுக்கு: நீங்கள் வாங்க மறுத்த வாடகையில் பாட்டிமார்களின் பேச்சை அச்சிட்டு, பெட்டி தந்த ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பிரதி அனுப்புகிறோம். உங்களுக்கும் ஒன்று வரும்.