செயலாளர் ஆண்டறிக்கை 2025–26: நடந்ததும், நடக்க வராதவர்களும்

நடைச் சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். பொதுக்குழுவில் வாசிக்கத்தான் இதை எழுதி வைத்திருந்தேன். அன்று வந்தது பதினேழு பேர், அதிலும் இரண்டு பேர் டீ குடித்த கையோடு கிளம்பிவிட்டார்கள். வராதவர்களும் படிக்கட்டும் என்று முழுசாக இங்கே போடுகிறேன். நீளம் என்று திட்டாதீர்கள், வந்திருந்தால் காதால் கேட்டிருக்கலாம்.

முதலில் வழக்கமானவை. வேலூர்க் கோட்டைச் சுற்று காலை நடை மழை நாட்கள் தவிர ஆண்டு முழுவதும் நடந்தது. ஜூலை 10 அன்று 1806 சிப்பாய்ப் புரட்சி நினைவுத் தூணுக்கு மாலை போட்டோம். பொங்கலுக்குக் கோலப்போட்டி. இலவசக் கண் பரிசோதனை முகாம் ஒன்று. டிசம்பரில் ஆம்பூருக்குப் பிரியாணி சாப்பிடப் போனோம், அதற்கு மட்டும் ஐம்பத்தெட்டுப் பேர் வந்தார்கள். பஸ் போதாமல் கூடுதலாக ஒரு வேன் பிடித்தோம். இந்த எண்ணைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கல்லூரியில் புதிதாகச் சேரும் பிள்ளைகளை, வகுப்பு தொடங்குமுன் மூன்று நாள் மலைக்குக் கூட்டிப்போகும் திட்டம். போன பொதுக்குழுவில் நான் இதைச் சொன்னபோது "நமக்கெதுக்கு சார் இந்த வேலை" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். வேலூருக்குப் படிக்க வருகிற பிள்ளைகளில் எத்தனையோ பேருக்கு வீட்டில் இவர்களே முதல் பட்டதாரி. ஹாஸ்டலில் யாரையும் தெரியாது, வகுப்பில் பேசுகிற ஆங்கிலம் புரியாது, முதல் மாதத்திலேயே பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போய்விடுகிறவர்கள் உண்டு. நானே 1989ல், நம் வடாற்காடு மாவட்டம் இரண்டாகப் பிரிந்த அதே வருடம், அப்படி ஒருமுறை போய் அப்பாவிடம் அடி வாங்கித் திரும்பி வந்தவன். இது என் சொந்தக் கண்டுபிடிப்பும் கிடையாது. அமெரிக்காவில் டார்ட்மவுத் கல்லூரியில் 1935லேயே புது மாணவர்களை மலைக்குக் கூட்டிப்போக ஆரம்பித்துவிட்டார்கள். பத்துப் பேர் கொண்ட சின்னக் குழு, கூட வழிகாட்டியாக இரண்டு பேர், சில நாள் ஒன்றாக நடந்து, சமைத்து, தூங்கி எழுவது, அவ்வளவுதான் சூத்திரம். கல்லூரிக்குள் காலெடுத்து வைக்கும்போதே பெயர் சொல்லிக் கூப்பிட ஒன்பது பேர் இருப்பார்கள்.

அனுமதி வாங்கிய கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இறந்ததற்குப் பிறகு, வனத்துறையைக் கேட்காமல் காட்டுக்குள் கால் வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. இப்போது அவர்களே பாதைகளைப் பிரித்து இணையத்தில் முன்பதிவு வைத்திருக்கிறார்கள், கூட வர உள்ளூர் வழிகாட்டியையும் அனுப்புகிறார்கள். நாங்கள் எடுத்தது ஏலகிரி சுவாமிமலைப் பாதை. பாதிப் பிள்ளைகளுக்குப் பதினெட்டு முடியவில்லை என்பதால் பெற்றோரிடம் கையெழுத்து வாங்க வீடு வீடாக அலைந்தோம். ஒரு அம்மா, "மலைக்கு மேலே கொண்டுபோய் ராகிங் பண்ணுவீங்களா" என்று நேராகவே கேட்டார். தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் 1997லேயே வந்துவிட்டது, பயம் இன்னும் போகவில்லை. அவர் வீட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, இரண்டு டீ குடித்து, என் ஆதார் நகலையும் கொடுத்த பிறகுதான் கையெழுத்து கிடைத்தது.

பிள்ளைகள் முப்பத்தொரு பேர். கூட வருகிறோம் என்று கை தூக்கிய உறுப்பினர்கள் பதினான்கு. ஆடி மாதம் அந்த வெள்ளிக்கிழமை காலை ஐந்து மணிக்குக் கோட்டை வாசலுக்கு வந்தது என்னையும் சேர்த்து நான்கு. ஒருவர் ரத்தினகிரிக்குக் காவடி எடுக்கப் போயிருந்தார், முருகன் விஷயத்தில் நான் தலையிடவில்லை. ஒருவருக்கு முட்டி வலி, நேற்றுவரை கோட்டையை மூன்று சுற்று சுற்றியவர்தான். ஒருவர் போன் ஸ்விட்ச் ஆஃப். அவரிடம்தான் முதலுதவிப் பெட்டி இருந்தது, அதற்காக ஒன்றரை மணி நேரம் காத்திருந்து, கடைசியில் வழியில் ஒரு மருந்துக் கடையைத் திறக்கச் சொல்லி எல்லாம் புதிதாக வாங்கினோம். ஆள் குறைந்ததால் கடைசி வருடம் படிக்கும் என் மகளையும் அவள் தோழியையும் எழுப்பிக் கூட்டிப்போனேன். "செயலாளர் குடும்ப டூர்" என்று குழுவில் ஒரு பதிவு வந்ததே, அதற்குப் பதில் இதுதான்: இரண்டு பேருக்கும் தலா 900 ரூபாய் நான் கட்டியிருக்கிறேன், ரசீது புத்தகத்தில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

அந்த ஒன்றரை மணி நேரத்துக்கு விலை கொடுத்தோம். ஏலகிரிக்குப் பதினான்கு கொண்டை ஊசி வளைவும் ஏறி, பாதையில் கால் வைக்கும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது, முக்கால்வாசி ஏறியதும் மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. மின்னலைப் பார்த்து எண்ண ஆரம்பித்தோம். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் அது பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது, திறந்த பாறையில் நிற்கக் கூடாது. பதினெட்டு எண்ணும்போது கேட்டது. வழிகாட்டித் தம்பி ஒரே வார்த்தையில் "இறங்குங்க" என்றார். உச்சி கண்ணுக்குத் தெரிகிறது, பையன்கள் முகம் தொங்கிவிட்டது. எனக்கும்தான். ஆனாலும் இறங்கினோம், கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் ஆகும்வரை கட்டடத்தை விட்டு யாரையும் வெளியே விடவில்லை. "உச்சியைத் தொடாத மலையேற்றம்" என்று கிண்டல் செய்தவர்களுக்கு: ஆமாம், தொடவில்லை, முப்பத்தொரு பேரும் வீடு திரும்பினார்கள்.

அப்புறம் சனிக்கிழமை ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை. காவலூர் வானாய்வகத்தில் 2.34 மீட்டர் தொலைநோக்கியைப் பார்த்தோம். 1977ல் யுரேனஸுக்கு வளையம் இருப்பது தெரியவந்தபோது, அந்தக் காட்சி இங்கேயும் பதிவாகியிருக்கிறது. நம் பக்கத்து மலையில் இப்படி ஒன்று நடந்தது எனக்கே ஐம்பது வயதுக்கு மேல்தான் தெரியும். ராத்திரி மேகம், ஒரு நட்சத்திரமும் தெரியவில்லை. ஜமுனாமரத்தூரில் தங்கிய வீட்டு முற்றத்தில் குழுவுக்கு ஒரு அடுப்பு, சமையல் அவர்கள் பொறுப்பு. மலையில் விளைந்த சாமை வாங்கிக் கொடுத்தோம். மூன்றாவது குழு தண்ணீரை அள்ளி ஊற்றிவிட்டு, பிறகு அதற்குக் களி என்று பெயர் மாற்றி எல்லோருக்கும் பரிமாறியது. சிக்னல் இல்லாததால் போனைக் கேட்டு யாரும் அழவில்லை. ஞாயிறு பீமன் அருவி நடைக்கு முன்னால், வழியில் வெளிக்குப் போக நேர்ந்தால் நீரோட்டத்திலிருந்து 200 அடி தள்ளி, அரையடிக்கு மேல் குழி தோண்டி மூட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தபோது சிரித்தவர்கள்தான் திரும்பும்போது குப்பைப் பையைப் போட்டி போட்டுத் தூக்கி வந்தார்கள். ஒன்று கவனித்தேன். நாலாயிரம் ரூபாய் ஷூ போட்டு வந்தவர்களுக்குக் குதிகாலில் கொப்பளம், ரப்பர் செருப்பில் வந்த கிராமத்துப் பிள்ளைகள் மற்றவர்கள் பையையும் சேர்த்துத் தூக்கினார்கள். அடுத்த முறை புது ஷூ வேண்டாம் என்று படிவத்திலேயே எழுதிவிடுவோம்.

குடியாத்தம் பக்கத்துப் பையன் ஒருவன், அம்மா பீடி சுற்றுகிறவர், மூன்று நாளில் மொத்தமாக நாற்பது வார்த்தை பேசியிருப்பான். நவம்பரில் அவன் ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டு ஊருக்குப் போய்விட்டான் என்று கேள்விப்பட்டேன். விசாரிக்கலாம் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவனோடு சாமைக் களி கிண்டிய மூன்று பேர் பஸ் ஏறிப் போய், அவன் வீட்டில் ஒரு ராத்திரி தங்கி, மறுநாள் காலை கூட்டி வந்துவிட்டார்கள். இதை நான் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. திட்டத்துக்குச் செலவான பணம் வீண் என்று சொன்னவர்களுக்காக மட்டும் எழுதி வைக்கிறேன்.

பணம் என்றதும் வரவு செலவு. விவரமான கணக்கு பொருளாளர் அண்ணனிடம் இருக்கிறது, மருந்துக் கடை ரசீது ஒன்று மழையில் நனைந்து எண் தெரியாமல் போனதைத் தவிர எல்லாம் சரியாகவே இருக்கிறது. மொத்தத்தில் வரவைவிடச் செலவு கொஞ்சம் கூட, வித்தியாசத்தைத் தற்சமயம் ஒரு நல்ல உள்ளம் ஏற்றுக்கொண்டிருக்கிறது, பெயர் வேண்டாம், அவர் மனைவிக்கு இன்னும் தெரியாது. சந்தா வருடத்துக்கு 600 ரூபாய். எண்பத்து நான்கு உறுப்பினர்களில் கட்டியவர்கள் முப்பத்தேழு. பெயர்ப் பட்டியல் போடலாமா என்று யோசித்தேன், தலைவர் ஐயா வேண்டாம் என்றார், அதனால் போடவில்லை. இந்த மாதக் கடைசி வரை போடமாட்டேன்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள்: தலைவர் ஐயா, பொருளாளர் அண்ணன், வழிகாட்டித் தம்பி, எங்களுக்கு வீடு கொடுத்த ஜமுனாமரத்தூர் குடும்பம், வளைவுகளில் ஒரு தடவைகூடக் கடுகடுக்காத டிரைவர், அன்று காலை ஐந்து மணிக்கு வந்த மற்ற மூவர். நன்கொடையாளர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டுக்கு இப்போதே இருபத்தாறு பிள்ளைகள் பெயர் கொடுத்திருக்கிறார்கள், பழைய குழுவிலிருந்து ஐந்து பேர் வழிகாட்டியாக வரத் தயார். உறுப்பினர்களிலிருந்து ஆறு பேர் போதும். ஆறுக்கு ஒன்று குறைந்தாலும் பஸ்ஸுக்கு முன்பணம் கொடுக்க மாட்டேன், இதைத் தீர்மானமாகவே எழுதிக்கொள்ளலாம். பதவியைப் பொறுத்தவரை எனக்கு ஆசை ஒன்றும் இல்லை. பீரோச் சாவி, இரண்டு விசில், இருபது பாய், எல்லாம் என் வீட்டு மாடிப்படிக்கு அடியில் கிடக்கின்றன, யார் கேட்டாலும் அன்றைக்கே ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிடுவேன்.

பிரியாணி உண்டா என்று ஏற்கெனவே இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். உண்டு. மலையிலிருந்து இறங்கி வேலூர் திரும்பும் வழியில்தான் ஆம்பூர் இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்