பரங்கிமலையில் தொடங்கிய அளவை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நிலப்பரப்பை முக்கோணங்களாகப் பிரித்துக் கணக்கிடும் முக்கோண அளவை முறையில் இந்தியாவை அளக்கத் தொடங்கியவர் ஜார்ஜ் எவரெஸ்ட் என்ற எண்ணம் படித்தவர்களிடையேகூட இருக்கிறது. 1802 ஏப்ரலில் சென்னைப் பரங்கிமலை அருகே அந்தப் பணி தொடங்கியபோது எவரெஸ்ட் பதினோரு வயதுச் சிறுவர். தொடங்கியவர் வில்லியம் லாம்டன் என்னும் காலாட்படை அதிகாரி.

அமெரிக்க விடுதலைப் போரில் ஆங்கிலேயர் பக்கம் நின்று யார்க்டவுனில் சிறைப்பட்டு, பின்னர் கனடாவில் பல ஆண்டுகள் நில அளவையிலும் படைமுகாம் நிர்வாகத்திலும் கழித்த லாம்டன், 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணப் போரிலும் பங்கேற்றார். கிழக்கிந்தியக் கும்பினி அரசுக்கு வேண்டியிருந்தது வரி வசூலிக்கவும் படை நடத்தவும் உதவும் வரைபடம். ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்த இந்தப் படைவீரரோ, வரைபடத்தோடு சேர்த்துப் புவியின் உண்மையான வடிவத்தையும் கணக்கிட விரும்பினார். அவரை ஆராய்ச்சியாளர் என்று நான் மதிப்பது இதனால்தான்.

முக்கோண அளவையில் ஒரே ஒரு கோட்டைத்தான் தரையில் நேரடியாக அளக்கிறார்கள். மற்றவை கோணங்களைக் கொண்டு கணக்கிடப்படுபவை. அந்த முதல் கோடு பிழைத்தால் எல்லாமே பிழைத்துவிடும் என்பதால், ஏறத்தாழ ஏழரை மைல் நீளத்தை நூறடி எஃகுச் சங்கிலியால் அளந்த லாம்டன், வெயிலில் எஃகு நீள்வதைக் கணக்கில் கொள்வதற்காகச் சங்கிலியை மரப்பெட்டிகளுக்குள் கிடத்தி, வெப்பமானிகளை வைத்து வெப்பநிலையையும் குறித்துக்கொண்டார்.

கோணம் அளப்பதற்காக இங்கிலாந்திலிருந்து வந்த தியோடலைட் ஏறத்தாழ அரை டன் எடை கொண்டது. அதைக் கொண்டுவந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றி மொரீசியசுக்குக் கொண்டுசென்றனர். ஆனால் அது அறிவியல் கருவி என்று அறிந்ததும் சென்னைக்கே அனுப்பிவைத்தனர். காவிரிச் சமவெளியில் குன்றுகள் இல்லாததால் கோயில் கோபுரங்களே அளவை நிலையங்களாயின. 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில் அந்தக் கருவியை மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து, அது சுவரில் மோதியது. கோணம் காட்டும் வட்டத்தகடு வளைந்துபோனது. வேறொருவராயிருந்தால் அதை ஒதுக்கிவைத்திருப்பார். லாம்டனோ கூடாரத்துக்குள் அமர்ந்து, ஏறத்தாழ ஆறு வாரம் உழைத்து, தகட்டை இழுத்து இழுத்துப் பழைய வடிவுக்குக் கொண்டுவந்தார்.

சென்னைக்கும் மங்களூருக்கும் இடைப்பட்ட அகலம், பழைய வரைபடங்கள் காட்டியதைவிட ஏறத்தாழ நாற்பது மைல் குறைவு என்பது அவரது அளவையில் தெரியவந்தது. அவர் 1823இல் பணியில் இருக்கும்போதே இன்றைய மகாராஷ்டிரத்தின் இங்கன்காட்டில் இறந்தார். எவரெஸ்ட் தலைமை ஏற்றது அதன் பிறகே.

லாம்டனை நினைக்கும்போது, கருவிகளைச் சுமந்தும் மலையுச்சிகளில் கொடி பிடித்து நின்றும் காய்ச்சலில் மடிந்தும் போன நம் ஊர்த் தொழிலாளர்களையும் நினைக்க வேண்டும். பிற்காலத்தில் எவரெஸ்டுக்கு நுட்பமான கருவிகளைச் செப்பனிட்டுக் கொடுத்த ஆற்காட்டு சையது மீர் மோசினின் பெயரை எத்தனை பேர் அறிவோம்?

பதினோராம் வகுப்பில் சைன் சூத்திரம் நடத்தும் ஆசிரியர்கள் பரங்கிமலை அருகே லாம்டன் அளந்த அந்த முதல் கோட்டினையே எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். சென்னை மாணவர்களை அங்கே அழைத்துச் சென்று, ஒரு பக்கத்தையும் இரு கோணங்களையும் அளக்கவைத்து, மூன்றாவது புள்ளியின் தூரத்தை அவர்களே கணக்கிடப் பள்ளிக் கல்வித் துறை ஏற்பாடு செய்ய வேண்டும் எனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்