'ஸ்கின் கலர்' என்பது யாருடைய நிறம்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் 1970களின் பாலே (ஐரோப்பிய மேடை நடனம்) உடைகளைப் பற்றி வந்த கட்டுரையை இருமுறை படித்தேன். உடலோடு ஒட்டி நீளும் லைக்ரா துணி தையல் முறையையே மாற்றியதையும், பயிற்சிக்கூடத்தில் காலைச் சூடாக வைத்துக்கொள்ள அணிந்த கம்பளி உறைகள் பின்னர் தெருவுக்கு வந்ததையும் கட்டுரையாளர் நன்றாகவே விளக்கியிருந்தார். ஆனால் அந்தப் பத்தாண்டில் பாலே உடையில் நிகழ்ந்த மாற்றங்களில் நான் மிகப் பெரிதாக மதிக்கும் ஒன்றான, ஆடுபவரின் தோல் நிறத்துக்கே உடையைச் சாயமேற்றி அணிந்ததைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நடன உடை தைத்து வருபவள் என்ற முறையில் அதைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

பாலேயில் டைட்ஸும் (இடுப்பிலிருந்து பாதம்வரை காலோடு ஒட்டும் உறை) சாட்டின் காலணியும் வெளிர் இளஞ்சிவப்பாக இருப்பதற்குக் காரணம் உண்டு. பார்ப்பவரின் கண் இடுப்பிலிருந்து கால்விரல் நுனிவரை எங்கும் தடைப்படாமல் ஓட வேண்டும்; கால் எங்கே முடிந்து காலணி எங்கே தொடங்குகிறது என்பது தெரியக்கூடாது. ஐரோப்பியப் பெண்களின் தோலுக்கு அந்த நிறம் ஏறத்தாழப் பொருந்தியது. மாநிறமோ கறுப்போ ஆன ஒரு பெண் அதையே அணியும்போது, கையும் கழுத்தும் ஒரு நிறமாகவும் கால்கள் வேறு நிறமாகவும் தெரிந்து, உடல் இடுப்போடு இரண்டாக வெட்டுப்பட்டுவிடுகிறது. எந்த ஒழுங்குக்காக அந்த நிறம் வந்ததோ, அந்த ஒழுங்கையே அது கெடுத்துவிடுகிறது.

இதை மேடையில் சரிசெய்து காட்டியவர்கள் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதி நடனக் கலைஞர்கள். 1955இல் நியூயார்க் சிட்டி பாலே என்னும் நடனக் குழுவில் சேர்ந்து அதன் முதன்மை ஆட்டக்காரராக உயர்ந்த ஆர்தர் மிட்செல் என்னும் கறுப்பினக் கலைஞர், 1968இல் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்ட துயரத்துக்குப் பின், 1969இல் கேரல் ஷூக்குடன் இணைந்து டான்ஸ் தியேட்டர் ஆஃப் ஹார்லெம் குழுவைத் தொடங்கினார். தொடக்கத்தில் அவர்களும் இளஞ்சிவப்பையே அணிந்தார்கள். 1970களில்தான் டைட்ஸ், காலணி, அதன் நாடா என எல்லாவற்றையும் அவரவர் தோலின் நிறத்துக்கே சாயமேற்றி அணியத் தொடங்கினார்கள். குழு முழுவதற்கும் பொதுவாக ஒரு பழுப்பு நிறத்தை அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஆளுக்கு ஆள் நிறம் வேறு என்பதால் சாயமும் ஆளுக்கு ஆள் வேறாக இருந்தது.

அந்த உடைகளுக்குப் பொறுப்பேற்றிருந்தவர் செல்டா வின் வால்டெஸ். 1948இல் பிராட்வேயில் சொந்தமாக உடையகம் திறந்து, ஜாஸ் பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டு போன்றோருக்குத் தைத்துப் பெயர் பெற்ற இந்த அம்மையாரை மிட்செல் 1970இல் குழுவுக்கு அழைத்தபோது அவருக்கு வயது அறுபதுக்கு மேல். 2001இல் காலமாகும் வரை அவர் அந்தக் குழுவை விட்டுப் போகவில்லை. ஒரு தையற்காரியாக அவரை நினைக்கும்போதெல்லாம் என் மனம் நிறைகிறது.

இதை நான் எழுதுவதற்கு என் பேத்தியும் காரணம். ஏழு வயதில் பாலே வகுப்பில் சேர்ந்தாள். கடையில் 'ஸ்கின் கலர்' டைட்ஸ் கேட்டபோது இளஞ்சிவப்பைத்தான் எடுத்து வைத்தார்கள். அவள் தன் கையை அதன்மேல் வைத்துப் பார்த்துவிட்டு, "பாட்டி, இது என் ஸ்கின் இல்லையே" என்றாள். அன்றிரவே வெள்ளை நைலான் டைட்ஸ் ஒன்றைக் கேமரன் மலைத் தேயிலைச் சாற்றில் ஊறவைத்தேன். (இளஞ்சிவப்பு டைட்ஸில் சாயமேற்றினால் செங்கல் நிறம் தட்டும், வெள்ளையில்தான் தொடங்க வேண்டும். முதலில் ஈரமாக்காமல் போட்டால் திட்டுத் திட்டாகப் பிடிக்கும்.) மூன்றாவது முறை, சிறிது காப்பித்தூளும் சேர்த்த பிறகு, அவள் முழங்கையின் நிறம் வந்தது. காலணிக்கு, நம் மேடைக் கலைஞர்கள் முகத்துக்குப் பூசும் பேன்கேக்கைப் பஞ்சில் தொட்டு மெல்ல ஒற்றினேன். ஆனால் வகுப்பில் அதை ஏற்கவில்லை. விதிப்படி இளஞ்சிவப்புதான் என்று சொல்லி, பிள்ளையை ஓரமாக உட்காரவைத்துவிட்டார்கள். குற்றம் செய்தவள் போல அவள் வீடு திரும்பியதை என்னால் மறக்க முடியவில்லை.

பேன்கேக் பூசும் அந்த வேலையை உலகெங்கும் கறுத்த மேனியுள்ள ஆட்டக்காரர்கள் பல்லாண்டுகளாகக் கையாலேயே செய்து வந்திருக்கிறார்கள். 1929இல் தொடங்கிய லண்டனின் ஃபிரீட் என்னும் பாலே காலணி நிறுவனம், கறுப்பின, ஆசியக் கலைஞர்களின் குழுவான பாலே பிளாக்குடன் சேர்ந்து, விரல்நுனியில் நின்று ஆடும் காலணிகளைப் பழுப்பு நிறங்களில் வெளியிட்டது 2018இல்தான். ஹார்லெம் வழிகாட்டி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகே அது நடந்தது.

தமிழர், மலாய்க்காரர், சீனர் எனப் பல நிறத்துப் பிள்ளைகள் ஒரே பயிற்சிக் கம்பியைப் பிடித்து நின்று பழகும் நம் கோலாலம்பூர் வகுப்புகளில், சீருடைப் பட்டியலில் 'இளஞ்சிவப்பு அல்லது மாணவரின் தோல் நிறம்' என்று மாற்றி எழுத எந்தச் செலவும் ஆகாது. பாலே ஆசிரியர்களை நான் கேட்டுக்கொள்வது இதைத்தான். பெற்றோரும் இதைத் தயங்காமல் கேட்க வேண்டும். பழுப்பு நிற டைட்ஸ் கிடைக்காதவர்கள் வெள்ளை டைட்ஸோடு பிள்ளையையும் அழைத்துக்கொண்டு என் கடைக்கு வரலாம். நிறம் பார்த்துச் சாயமேற்றித் தருகிறேன், கூலி வேண்டாம். முகவரியைத் தங்கள் அலுவலகத்தில் கொடுத்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
நடன உடைத் தையற்காரி,
பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்