மண் தோண்டும் மீனுக்கு மண் கேட்காத செடி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் வார இணைப்பில் சென்ற வாரம் வெளியான மீன் தொட்டிச் செடிகள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். விளக்கு, உரம், கரியமில வாயு ஆகியவற்றை விளக்கமாக எழுதியிருந்த கட்டுரையாளர், சிக்லிட் மீன்களிடம் வந்தபோது மட்டும், இவை செடிகளைப் பிடுங்கிப் போட்டுவிடும், பிளாஸ்டிக் செடியே போதும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். இம்மீன்களைப் பல ஆண்டுகளாக வளர்த்து, அவற்றிடம் செடிகளைப் பறிகொடுத்தும் காப்பாற்றியும் பழகியவன் என்பதால், அந்த வரியை அப்படியே விட்டுவிட மனம் ஒப்பவில்லை.

சிக்லிட் என்பது 1,700-க்கும் மேற்பட்ட இனங்களைக் கொண்ட பெரிய குடும்பம். நமக்குத் தெரிந்த ஜிலேபிக் கெண்டையும் அதில் அடக்கம். தட்டையாக அசைந்து வரும் ஏஞ்சலும் டிஸ்கஸும் அதில் அடக்கம். ஏஞ்சல் மீன் செடியைப் பிடுங்குவதில்லை. அகன்ற இலையைத் தேடிப் பிடித்து அதன் மேல் முட்டையிடும். வம்பு செய்பவை மண் தோண்டும் வகைகள்: ஃபயர்மவுத், கன்விக்ட், ஆஸ்கர், தென் அமெரிக்காவின் ஜியோஃபேகஸ், ஆப்பிரிக்க ஏரிகளின் பல இனங்கள். ஜியோஃபேகஸ் என்ற பெயருக்கே கிரேக்க மொழியில் மண் தின்னி என்றுதான் பொருள். வாய் நிறைய மணலை அள்ளி, இரையைச் சலித்தெடுத்துக்கொண்டு, மிச்சத்தைச் செவுள் வழியாக உதிர்ப்பது அதன் அன்றாடப் பிழைப்பு. மற்றவை பெரும்பாலும் குடும்பம் நடத்துவதற்காகத் தோண்டுகின்றன. பொரித்த குஞ்சுகளைக் கிடத்தவும், தம் எல்லையை வகுத்துக்கொள்ளவும் அவற்றுக்குக் குழி தேவைப்படுகிறது.

என் வீட்டு ஃபயர்மவுத் இணை இதைச் செய்வதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். ஒரு மாலையில் அமேசான் வாள்செடி ஒன்றைத் தொட்டியின் நடுவே நட்டேன். இரவு விளக்கை அணைக்கும் வரை இரண்டும் அதை ஏறிட்டும் பார்க்கவில்லை. காலையில் பெண் மீன் செடியின் அடியில் தலைகீழாக நின்று, வாய் கொள்ளும் மட்டும் மணலை அள்ளி, ஒரு சாண் தூரம் நீந்திப் போய்த் துப்பிவிட்டு, மறுபடி அதே இடத்துக்கு வந்துகொண்டிருந்தது. நான்காம் நாள் அடிக்கண்ணாடி தெரிந்தது. செடி வேர் மேலாக மிதந்தது. அதன் இலையில் ஒரு கடி கூட இல்லை. அந்த மீனுக்குச் செடியின் மீது எந்தப் பகையும் கிடையாது என்பதும், அது கேட்டது செடியின் காலடியில் இருந்த மணலை மட்டுமே என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஆகவே இத்தகைய தொட்டிக்குச் செடி வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது, அந்தச் செடி எதைப் பற்றிக்கொண்டு வளர்கிறது என்பதைத்தான். மேற்கு, மத்திய ஆப்பிரிக்க ஓடைகளைச் சேர்ந்த அனுபியாஸ், பாறையிலும் கட்டையிலும் வேர்பிடித்து வாழ்வது. அதற்கு மணலே வேண்டாம். இஞ்சி போலப் படுத்து வளரும் அதன் தண்டை ஒரு மரக்கட்டையின் மேல் வைத்துக் கறுப்புப் பருத்தி நூலால் சுற்றிவிட்டால், நூல் இற்றுப் போவதற்குள் வேர்கள் கட்டையை இறுகப் பிடித்துக்கொள்ளும். நூல் கட்டப் பொறுமையில்லாதவர்கள் சயனோஅக்ரிலேட் பசையில் ஒரு சொட்டு வைத்து ஒட்டுகிறார்கள். அதுவும் நன்றாகவே நிற்கிறது. அனுபியாஸ் சேம்பின் குடும்பத்தைச் சேர்ந்தது. சேம்பு நமைப்பதற்குக் காரணமான கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இதிலும் உண்டு. இலையும் தோல் போலத் தடித்தது. ஆகவே கடித்துப் பார்க்கும் மீன்களும் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. நான் முதலில் வாங்கிய அனுபியாஸை, விற்றவரும் ஒன்றும் சொல்லாததால், மற்றச் செடிகளைப் போலக் கழுத்து வரை மணலில் புதைத்தேன். ஒரே மாதத்தில் தண்டு கொழகொழத்து, கையில் எடுத்தால் நாறியது. மீன் செய்யாத கேட்டை நானே செய்திருந்தேன்.

ஜாவா ஃபெர்ன் இதற்கு அடுத்தபடி, சில தொட்டிகளில் இதற்கும் மேல். அதையும் கல்லிலோ கட்டையிலோ கட்ட வேண்டும். தண்டைப் புதைக்கக் கூடாது. இலையின் அடிப்புறத்தில் வரிசையாகத் தோன்றும் கரும்புள்ளிகளை நோய் என்று நினைத்து இலையை வெட்டி எறிபவர்கள் பலர். அவை பெரணிச் செடிகளுக்கே உரிய வித்துப் பைகள். முதிர்ந்த இலையிலிருந்தே குட்டிச் செடிகள் முளைத்து வருவதால், ஒரு முறை வாங்கினால் மறுபடி வாங்க வேண்டியிருப்பதில்லை. ஆப்பிரிக்கப் பெரணியான போல்பிடிஸையும் இவ்வாறே வளர்க்கலாம்.

மண்ணில் வேரூன்றும் செடிதான் வேண்டும் என்பவர்களுக்கும் வழி உண்டு, ஆனால் அதற்குக் காத்திருக்க வேண்டும். வாலிஸ்நேரியா கடினமான, காரத்தன்மையுள்ள நீரிலும் செழிப்பது; கார அமிலக் குறியீடு (pH) 9-ஐ ஒட்டி நிற்கும் டங்கனீக்கா ஏரியிலேயே அது இயற்கையாக வளர்கிறது. அதை மீன் விடுவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே நட்டு, ஓடுதண்டுகள் பரவி வேர்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும் வரை பொறுத்திருந்தால், பிறகு ஓரிரண்டு செடிகள் பிடுங்கப்பட்டாலும் புதர் நிற்கும். வெங்காயம் போன்ற குமிழிலிருந்து வளரும் கிரைனமும் வேர் தடித்த, இலை முரட்டுச் செடி. வாள்செடியை விட மனமில்லாதவர் அதை மண்சட்டியில் நட்டு, சட்டியின் வாயில் மீன் வாயால் தூக்க முடியாத அளவுள்ள கூழாங்கற்களை அடுக்கி வைக்கலாம். என் இரண்டாவது வாள்செடி அப்படித்தான் பிழைத்தது. கபோம்பா போன்ற மெல்லிய தண்டுச் செடிகளை இத்தொட்டிகளில் விடுவது வீண். இடம் பெயர்த்தாலே இலை கரைந்து போகும் கிரிப்டோகொரைனும் அப்படித்தான்.

தோண்டுவது வேறு, தின்பது வேறு என்பதையும் கட்டுரையாளர் பிரித்துச் சொல்லியிருக்க வேண்டும். ஆஸ்கர் செடியைப் பிடுங்குமே தவிரப் பசித்துத் தின்னாது. ஊவாரு என்ற தென் அமெரிக்க மீனோ செடியைக் கீரை போல மேயும். அதற்குப் பிளாஸ்டிக் செடி என்று கட்டுரையாளர் சொன்னால் நான் மறுக்கமாட்டேன். மலாவி ஏரியின் ம்பூனா மீன்கள் பாறைப் பாசியைச் சுரண்டித் தின்பவை. அவற்றிடம் மென்மையான இலைகள் தப்புவதில்லை, அனுபியாஸும் ஜாவா ஃபெர்னும் பெரும்பாலும் தப்புகின்றன.

இவ்விரு செடிகளிடமும் குறை இல்லாமல் இல்லை. மிக மெதுவாக வளர்பவை என்பதால், மீன் கழிவிலிருந்து நீரில் சேரும் நைட்ரேட் என்ற உப்பை இவை விரைந்து உறிஞ்சுவதில்லை. மீன்கள் கிளப்பிவிடும் வண்டல் இலை மேல் படிவதோடு, விளக்கின் நேர் கீழே வைத்தால் பாசியும் ஏறிவிடும். கட்டையின் நிழல் பக்கத்தில் கட்டுவதும், நீர் மாற்றும்போது இலைகளின் மேல் கையால் ஓர் அலை எழுப்பி வண்டலை விலக்குவதும் என் வழக்கம். நைட்ரேட்டுக்கு, மணி பிளாண்ட்டின் வேரை மட்டும் தொட்டியின் விளிம்பிலிருந்து நீருக்குள் தொங்கவிடலாம். மிதக்கும் ஆகாயத்தாமரையும் உதவும். ஆனால் அது பெருகியதும் மிச்சத்தைக் குளத்திலோ வாய்க்காலிலோ வீசிவிடாமல் காயவைத்து உரக்குழியில் போட வேண்டும்.

கற்களைப் பற்றியும் ஒரு சொல். செடி கட்டிய பாறையை மணலின் மேல் வைத்தால், அடியில் தோண்டும் மீன் மீதே அது சரிந்துவிடும். முதலில் பாறையை அடிக்கண்ணாடியில் நிலையாக அமர்த்தி, பிறகே மணலைக் கொட்ட வேண்டும். மணல் பொடியாகவும் கூர்மையற்றதாகவும் இருப்பது மீனின் வாய்க்கும் செவுளுக்கும் நல்லது.

தங்கள் இணைப்பில் இனி செடிப் பட்டியல் வெளியிடும்போது, ஒவ்வொரு செடியின் பெயருக்கும் எதிரே, அதன் தண்டை மணலில் புதைக்கலாமா, கட்டையில் கட்ட வேண்டுமா என்பதையும் ஒரு வரியில் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். விளக்கின் வாட் கணக்குக்குக் கொடுத்த இடத்தில் பாதி போதும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்