கடலூர் மாவட்ட ஆங்கில ஆசிரியர்களுக்கு: அந்த ‘ஃபார்’ஐ எடுத்துவிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களே,

வணக்கம். ஆங்கில விண்ணப்பங்களைத் திருத்திக் கொடுப்பது எங்கள் வேலை. மஞ்சக்குப்பத்து ஜெராக்ஸ் கடையில் டைப் அடித்த மனுவானாலும் சரி, சிப்காட் கம்பெனிக்குப் போகும் மின்னஞ்சலானாலும் சரி, முதல் வரியிலேயே ஒரு பிழை வந்து நிற்கிறது: ‘ஐ ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்’. ‘ஐ ரிக்வெஸ்ட் லீவ்’ என்பதே சரி. பள்ளியில் எழுதிப் பழகிய லீவ் லெட்டரிலிருந்துதான் இது வருகிறது.

பிள்ளைகளையும் ரொம்பக் குறை சொல்ல முடியாது. ‘ரெக்கார்ட்’ பெயர்ச்சொல் என்றால் அழுத்தம் முதல் அசையில், வினை என்றால் இரண்டாவதில். காதே பிரித்துச் சொல்லிவிடும். ‘ரிக்வெஸ்ட்’டுக்கு அந்த வசதி இல்லை. பெயரோ வினையோ, எழுத்தும் ஒன்று, ஒலியும் ஒன்று. போதாததற்கு ‘ஆஸ்க் ஃபார் லீவ்’ சரியான ஆங்கிலம். பொருள் ஒன்றுதானே என்று ‘ஃபார்’ இங்கேயும் ஒட்டிக்கொள்கிறது.

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005, பிரிவு 6(2)ஐக் கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள். ‘ஆன் அப்ளிகன்ட் மேக்கிங் ரிக்வெஸ்ட் ஃபார் இன்ஃபர்மேஷன்’ என்று தொடங்கும் அதே வாக்கியம், சற்றுத் தள்ளி ‘ரிக்வெஸ்டிங் த இன்ஃபர்மேஷன்’ என்கிறது. பெயருக்குப் பின் ‘ஃபார்’ உண்டு. வினைக்குப் பின் இல்லை. (‘ரிக்வெஸ்டிங்’குக்கு முன்னால் வரும் ‘ஃபார்’ அங்குள்ள ‘ரீசன்’ என்ற சொல்லோடு சேர்ந்தது. கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று கட்டாயம் கேட்கும்.) அப்படியிருக்க, அந்தச் சட்டப்படி வரும் பதில்களிலேயே ‘இன்ஃபர்மேஷன் ரிக்வெஸ்டட் ஃபார்’ என்று இருக்கிறது!

யாரிடம் கேட்கிறோம் என்பதையும் சொல்ல வேண்டுமா? ஆளை நேரடியாகப் போட்டு, பிறகு ‘டு’ சேர்த்த வினை: ‘ஐ ரிக்வெஸ்ட் யூ டு கிராண்ட் மீ லீவ்’. ‘ரிக்வெஸ்ட் யூ ஃபார் லீவ்’ ஆகாது. ‘ஐ ரிக்வெஸ்டட் டு த மேனேஜர்’ என்பது ‘மேனேஜரிடம்’ என்ற நம் வேற்றுமை உருபின் வேலை. அங்கே ‘டு’ வேண்டாம். ‘தட்’ போட்டால் பின்வரும் வினை மாறாமல் நிற்கும்: ‘ஐ ரிக்வெஸ்ட் தட் த ஃபீ பி ரிஃபண்டட்’. ‘இஸ்’ அல்ல, ‘பி’. ‘ஷுட் பி’ என்றாலும் சரிதான்.

‘கைண்ட்லி’யைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘ஐ கைண்ட்லி ரிக்வெஸ்ட்’ என்று எழுதினால் தயவு காட்டுபவர் விண்ணப்பதாரரே ஆகிவிடுகிறார். தயவு தலைமையாசிரியருடையது, ‘கைண்ட்லி கிராண்ட் மீ லீவ்’ போதும். இது பெரிய குற்றமில்லை, மதிப்பெண் குறைக்க வேண்டாம். ‘ஃபார்’க்குக் குறையுங்கள்.

திருத்தும்போது ‘ரிக்வெஸ்ட்’டுக்கு முன்னால் வருவதைப் பார்க்கச் சொல்லுங்கள். ‘மை’, ‘எ’, ‘யுவர்’ இருந்தால் ‘ஃபார்’ இருக்கட்டும். ‘ஐ’, ‘வீ’, ‘ஹி ஹேஸ்’ இருந்தால் அடித்துவிடலாம். ‘டிமாண்ட்’, ‘ஆர்டர்’ இரண்டுக்கும் இதே கணக்குதான். அவற்றையும் அந்த வகுப்பிலேயே முடித்துவிடலாம்.

இப்படிக்கு,
கடலூர் மெய்ப்புத் திருத்துநர்கள் சிலர்